வாணாம்மா

அந்தம்மாவின் பெயர் எனக்குக் கடைசிவரை தெரியாது. பள்ளிக்கூடப் பதிவேட்டில் மகள் தனத்தின் பெயருக்கு எதிரே, செத்துப்போன அப்பாவின் பெயர்தான் எழுதியிருந்தது. தெருவில் எல்லோரும் அவரை வாணாம்மா என்றார்கள். எதற்கெடுத்தாலும் ‘வாணாம்’ என்று சொல்கிற அம்மா என்பதால் வந்த பெயர். அவர் எதிரிலேயே அப்படித்தான் கூப்பிட்டார்கள். அவரும் கோபித்துக்கொள்ளாமல், இன்னா என்று திரும்பிப் பார்ப்பார்.

உலக யுத்தம் முடிந்து ராணுவத்திலிருந்து வெளியே வந்த என்னை, சில வருஷ அலைச்சலுக்குப் பிறகு, திருவொற்றியூரில் பஞ்சாயத்து போர்டு நடத்திய பள்ளிக்கூடத்தில் டிரில் வாத்தியாராகப் போட்டார்கள். ஒரு பக்கம் ரயில் பாதை, இன்னொரு பக்கம் தொழிற்சாலை மதில், பின்னால் சேறும் கோரையுமாக ஒரு பள்ளம். இந்த மூன்றுக்கும் நடுவில் பள்ளிக்கூடம். வாணாம்மாவின் வீடு அடுத்த தெருவில், மண் சுவரும் ஓட்டுக் கூரையுமாக இருந்தது. துறைமுகத்தில் மூட்டை சுமந்த கணவர் வைத்துவிட்டுப் போன ஒரே சொத்து. ரயில் என்ஜின்கள் கொட்டிவிட்டுப் போகும் சாம்பலைச் சலித்து, அதில் எரியாமல் தங்கிய கரித்துண்டுகளைப் பொறுக்கி, கைவண்டியில் தள்ளிக்கொண்டுபோய் ஓட்டல்களுக்கு விற்பது அவர் பிழைப்பு. அப்போது அவருக்கு நாற்பது வயது இருக்கலாம். கண்ணிமையிலும் நகக்கண்ணிலும் எப்போதும் கரி இருக்கும்.

அவரை நான் முதலில் பார்த்தது ஒரு சண்டையில். டிரில் வகுப்புக்கு வரும் பிள்ளைகள் எல்லோரும் கான்வாஸ் ஷூ வாங்கிக்கொண்டு வரவேண்டும் என்று சொல்லியிருந்தேன். ராணுவத்து மிடுக்கு எனக்கு இன்னும் போகவில்லை. மறுநாள் காலை கைவண்டியைப் பள்ளி வாசலிலேயே நிறுத்திவிட்டு உள்ளே வந்து, ஷூ வாங்க முடியாத பிள்ளை எங்கே நிற்கும் என்று கேட்டார். பின்வரிசையில் நிற்கும் என்றேன்.

“அப்ப வாணாம்” என்றார்.

உங்கள் பெண்ணுக்கு வேண்டாமென்றால் விட்டுவிடுங்கள், மற்றவர்கள் வாங்கிக்கொள்ளட்டும் என்றேன். அவர் கைவண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். அன்று சாயங்காலத்துக்குள் வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டார். மறுநாள் ஷூ வாங்க வசதி உள்ள வீட்டுப் பிள்ளைகள்கூட வெறும் காலோடு வந்து நின்றன. எனக்கு அவமானமாக இருந்தது. ஒரு வாரம் கழித்து நானும் ஷூவைக் கழற்றி வைத்துவிட்டேன். அது சரியென்று எனக்கே பட்டதால்தான் கழற்றினேன். ஆனால் அவரிடம் போய் அப்படிச் சொல்லவில்லை.

ஒரு தேர்தலின்போது தெருவில் பெண்களுக்குச் சேலை கொடுத்தார்கள். எல்லோரும் வாங்கிக்கொண்டார்கள். வாங்கியவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. அந்தத் தெருவில் மாற்றுச் சேலை இல்லாத வீடுகள் இருந்தன. வாணாம்மாவிடமும் இரண்டாவது சேலை கிடையாது. அவர் அந்தச் சேலையைக் கையில் வாங்கி, விரித்து, நல்ல நெசவு என்று தடவிப் பார்த்துவிட்டு, திரும்ப மடித்துக் கொடுத்தார். “இத்த கட்டிகினு நாளைக்கு உன் எதிர்ல நின்னு எப்டிப் பேசறது?” என்று கேட்டாராம். கொடுத்தவர் சிரித்துக்கொண்டே போய்விட்டதாகத் தனம் எனக்குச் சொன்னாள். தனத்துக்கு அந்தச் சேலையின் மேல் ஆசை இருந்திருக்கிறது. அதன் கரை என்ன நிறம் என்பதுகூட அவளுக்கு ஞாபகம் இருந்தது.

தனம் ஐந்தாவது படித்தாள். பதினோரு வயது. என் வகுப்பில் அவளைவிட வேகமாக ஓடும் பையன் ஒருவனும் இல்லை. மைதானம் இல்லாததால் பிள்ளைகளைக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போவேன். அந்தக் கரையைக் கடல் வருஷத்துக்கு வருஷம் தின்றுகொண்டே வந்தது. நான் வேலைக்குச் சேர்ந்தபோது நான்கு வரிசை நிற்கும் அளவுக்கு மணல் இருந்தது. இரண்டு வருஷத்தில் ஒரு வரிசை நிற்கக்கூட இடமில்லை. அலை காலடியில் வந்து போகும்போது பிள்ளைகளைக் கையை உயர்த்தச் சொல்லிக்கொண்டு நான் நிற்பேன்.

அதனால்தான் எனக்கு அந்தக் கட்டடத்தின் மேல் அப்படி ஒரு வெறி வந்தது. உடற்பயிற்சிக் கூடம். உயர்ந்த கூரை, தொங்கும் கயிறுகள், இரட்டைக் கம்பிகள், தாண்டிக் குதிக்க ஒரு மரக்குதிரை. நானே வரைபடம் போட்டேன். அதை எடுத்துக்கொண்டு போர்டுத் தலைவர் வீட்டுக்கு ஒரு வருஷம் நடந்தேன். கடைசியில் அவர் சம்மதித்தார். போர்டிடம் பணம் இல்லை. கடன் பத்திரம் வெளியிடலாம் என்று முடிவாயிற்று. பணம் உள்ளவர்கள் பத்திரத்தை வாங்குவார்கள். அந்தப் பணத்தில் கட்டடம் எழும்பும். போர்டு அவர்களுக்கு இருபது வருஷத்தில் வட்டியோடு திருப்பிக் கொடுக்கும். திருப்பிக் கொடுப்பதற்காக ஊரில் வீட்டு வரி ஏறும். ஆட்சேபணை உள்ளவர்கள் ஒரு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம்.

இதை விளக்குவதற்குப் பள்ளிக்கூட வாசலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டம் போட்டார்கள். என் வரைபடத்தைப் பெரிதாக வரைந்து கரும்பலகையில் மாட்டியிருந்தேன். ஊர்க்காரர்கள் அதைக் கசரத்து மண்டபம் என்று பேசிக்கொண்டார்கள். வாடகைக்கு விடும் வீடுகள் நிறைய வைத்திருந்த அரிசி மண்டிக்காரர் ஒருவர் முன்வரிசையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவரிடமிருந்துதான் எதிர்ப்பு வரும் என்று நான் எதிர்பார்த்தேன். எழுந்தது வாணாம்மா.

பத்திரத்தை யார் வாங்குவார்கள் என்று கேட்டார். பணம் உள்ளவர்கள் என்றார் தலைவர். வட்டி யாருக்குப் போகும் என்று கேட்டார். பத்திரம் வாங்கியவர்களுக்கு என்றார் தலைவர். அந்த வட்டிக்கு வரி கட்டுகிறது யார் என்று கேட்டார். வீடு உள்ள எல்லோரும் என்றார்.

“அப்ப இல்லாதவன் குடுக்கணும், இருக்கிறவன் வாங்கிக்கணும்.”

கூட்டம் சிரித்தது. நான் எழுந்து பிள்ளைகளின் உடம்பைப் பற்றிப் பேசினேன். குறுகிய மார்பு, வளைந்த முதுகு என்றெல்லாம் சொன்னேன். அவர் என் பக்கம் திரும்பினார். அவர் குரலில் கேலி இல்லை.

“வாத்யாரே, எங்க தெருப் புள்ளைங்க பதினாலு வயசுல ஆர்பர்ல மூட்டை தூக்கப் போவுதுங்க. உடம்ப வளைக்கிறதுக்கு அதுங்களுக்கு மண்டபம் வாணாம். பம்புல தண்ணி அடிச்சா எண்ண மெதக்குது. சாக்கடை ரொம்பினா அதுவும் உள்ள எறங்குது. தண்ணிக் குழாய்க்கு ஒரு பத்திரம் போடுங்க. நான் மொதல் ஆளா வரி கட்றேன்.”

முதலில் கூடம், பிறகு தண்ணீர் என்றார் தலைவர். கூடத்துக்கு சர்க்கார் உதவி கிடைக்கும், குழாய்க்குக் கிடைக்காது என்றும் சொன்னார். வாணாம்மா உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்துகொண்டே, அப்ப வாணாம் என்றார். அந்தச் சொல் பின்வரிசைகளில் ஒவ்வொருவர் வாயாகப் போய்க்கொண்டிருந்தது எனக்குக் கேட்டது. தனம் என் கரும்பலகைக்குப் பக்கத்தில் நின்று, படத்தில் இருந்த கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த இரண்டு வாரத்தில் ஆட்சேபணை மனு தயாராயிற்று. மண்டிக்காரர் ஆள் வைத்து இங்கிலீஷில் டைப் அடித்துக் கொடுத்தார். கைநாட்டு வாங்கும் பொறுப்பு வாணாம்மாவுடையது. அவர் சொன்னால்தான் அந்தத் தெருக்களில் விரலை நீட்டுவார்கள்.

பள்ளி விடும் நேரத்தில் அந்தக் காகிதத்தோடு என்னிடம் வந்தார். இடுப்பில் செருகியிருந்ததை எடுத்துக் கொடுத்தார். இன்னும் ஒரு கைநாட்டுகூட அதில் விழவில்லை.

“மண்டிக்காரரு எழுதினாரு. மொதல்ல தண்ணி, அப்பறமா கட்டடம்னு எழுதச் சொல்லிகிறேன். எழுதிட்டேன்றாரு. ஒரு தபா படிச்சிச் சொல்லு வாத்யாரே.”

என்னிடமா கேட்கிறீர்கள் என்றேன். என் குரல் எனக்கே நன்றாக இல்லை.

“அவுங்க ஆளு படிச்சா எனுக்குப் புடிச்சதப் படிப்பான். நீ எதிர்ல நிக்கிறவன். உள்ளதப் படிப்ப.”

எனக்கு அப்போது என்ன நடந்தது என்று இப்போதும் தெளிவாகச் சொல்ல முடியவில்லை. ஒரு வருஷம் தலைவர் வீட்டு வாசலில் காத்துக்கிடந்தது, நான் எழுந்து பேசும்போது கேட்ட சிரிப்பு எல்லாம் சேர்ந்து கோபமாக வந்தது. “என் வாயில மண்ணு போடற காகிதத்தை நானே படிச்சுக் காட்டணுமா? வேற ஆளைப் பாருங்க” என்றேன். காகிதத்தைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அவர் காகிதத்தை மறுபடி இடுப்பில் செருகிக்கொண்டார். தப்பா நினைச்சுக்காத என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

முந்நூறுக்கு மேல் கைநாட்டுகள். முதலாவது அவருடையது. படித்துச் சொல்ல வேறு ஆள் கிடைக்காமல் மண்டிக்காரரின் சொல்லையே நம்பினார் போலிருக்கிறது. பஞ்சாயத்து போர்டு கடன் பத்திர யோசனையைக் கைவிட்டது. நான் வரைபடத்தைச் சுருட்டி என் அறையில் பரண்மேல் போட்டேன். அதன் பிறகு வாணாம்மாவை வழியில் பார்த்தால் சைக்கிளை வேறு தெருவில் திருப்பினேன்.

இதற்குப் பதிலாக அவர் செய்ததுதான் எனக்கு விளங்கவே இல்லை. ஒரு நாள் காலையில் பள்ளிக்குப் பின்னால் சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தேன். கைவண்டியில் கொண்டுவந்த சாம்பலை அந்தச் சேற்றுப் பள்ளத்தில் கொட்டிக்கொண்டிருந்தார். கரி பொறுக்கியபின் மிஞ்சிய சாம்பல். மறுநாளும் கொட்டினார். அதற்கு மறுநாள் இன்னும் இரண்டு பெண்கள் வந்தார்கள். யார் சொல்லி இதைச் செய்கிறீர்கள் என்று கேட்டேன். அதுதான் அந்த மனுவுக்குப் பிறகு நான் அவரிடம் பேசிய முதல் வார்த்தை.

“யாரும் சொல்லல. புள்ளைங்க ஓடறதுக்கு எடம் வேணுமில்ல” என்றார்.

ஐந்து மாதத்தில் பள்ளம் தூர்ந்து, கறுப்பாகக் கெட்டிப்பட்டு, ஐம்பது பிள்ளைகள் ஓடக்கூடிய ஒரு தரை கிடைத்தது. ஓடி முடித்தால் எல்லாப் பிள்ளைகளின் பாதமும் அவர் கைபோலக் கறுத்திருக்கும். நான் நன்றி சொன்னேனா என்று யோசித்துப் பார்க்கிறேன். சொன்னதாக ஞாபகம் இல்லை.

அந்த வருஷம் ஐப்பசியில் மழை விடாமல் பெய்தது. சாக்கடை நிரம்பித் தெருவில் ஓடியது. தெருக்கோடியில் இருந்த பம்பில் வந்த தண்ணீர் காபி நிறத்தில் இருந்தது. நல்ல தண்ணீர் வேண்டுமென்றால் ரயில்வே குடியிருப்புவரை ஒரு மைல் நடக்கவேண்டும். அங்கேயும் காவல்காரன் மனசு வைத்தால்தான் உண்டு. என் வகுப்பில் தினமும் பத்துப் பிள்ளைகள் வயிற்றுப்போக்கு என்று வரவில்லை. எதிர்த் தெருவில் ஒரு குழந்தை இறந்தது. வாணாம்மா போர்டு அலுவலகத்துக்குப் போனார். ஏதோ பள்ளிக் காகிதம் கொடுக்க நானும் அன்று அங்கே போயிருந்தேன்.

குழாய் போடுங்கள், அதற்காகக் கடன் எழுப்புங்கள், வரி கட்டத் தயார் என்று சொன்னார். குமாஸ்தா அலமாரியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். நீங்கள்தான் எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள் அம்மா என்று சொல்லி, இங்கிலீஷில் இருந்ததைத் தமிழாக்கிப் படித்தார். இவ்வூர் மக்கள் எந்தப் பணிக்காகவும் புதிய வரியையோ புதிய கடனையோ ஏற்கமாட்டார்கள். எந்தக் காலத்திலும் அப்படி ஒரு யோசனை கொண்டுவரக் கூடாது. தண்ணீரைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை. கீழே வரிசை வரிசையாகக் கைநாட்டுகள்.

இன்னொரு தரம் படிக்கச் சொன்னார். குமாஸ்தா படித்தார். மூன்றாம் தரமும் படிக்கச் சொன்னார். குமாஸ்தா அலுத்துக்கொண்டு படித்தார். அதன் பிறகு வாணாம்மா திரும்பினார். அப்போதுதான் நான் அங்கே நிற்பதைப் பார்த்தார். ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். என்னைத் திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு மழையில் இறங்கிப் போய்விட்டார்.

அன்று சாயங்காலமே புது மனுவுக்குக் கைநாட்டு வாங்க வீடு வீடாக ஏறத் தொடங்கினார். யாரிடமும் எதையும் கேட்டுப் பழகாதவர். கேட்கத் தெரியவில்லை. வாசலில் போய் நின்று, தண்ணிக்கு வரி கட்றோம்னு கைநாட்டு வைங்க என்பார், அவ்வளவுதான். வரியே வாணாம்னு நீதானே சொன்ன என்று கேட்டார்கள். இந்தத் தபா எத்த எழுதிக் குடுக்கப் போறாங்களோ என்று பயந்தார்கள். ஏமாந்தது தெரிந்துபோன பிறகு யாரும் விரலை நீட்டத் தயாரில்லை. நான் இரண்டாம் நாள் போய்ச் சேர்ந்துகொண்டேன். தமிழில் நானே மனு எழுதினேன். ஒவ்வொரு வாசலிலும் நின்று சத்தமாக முழுக்கப் படித்துக் காட்டினேன். படிக்கும்போது அவர் என் பக்கத்தில் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருப்பார். ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்பதுபோலக் கேட்டார். நான்கு நாளில் எழுபது கைநாட்டுகள் சேர்ந்தன. தலைவர் வாங்கி வைத்துக்கொண்டு, அடுத்த வருஷக் கூட்டத்தில் பார்க்கலாம் என்றார்.

வாணாம்மா அந்த நாட்களில் எல்லாத் தண்ணீரையும் காய்ச்சினார். விற்க வேண்டிய கரியையெல்லாம் வீட்டிலேயே எரித்தார். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் கூப்பிட்டு ஊற்றிக் கொடுத்தார். ஆனால் பிள்ளைகள் விளையாடும் இடத்தில் எல்லாம் கூடவே நிற்க முடியுமா. ஓடிக் களைத்த பிள்ளை பம்பைக் கண்டால் வாயை வைக்கத்தான் செய்யும்.

அடுத்த வியாழக்கிழமை காலை மழை கொஞ்சம் விட்டிருந்தது. சாம்பல் தரையில் பிள்ளைகளை ஓடவிட்டேன். தனம் பாதியில் நின்றாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவளை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போவதற்குள் வாந்தியிலும் பேதியிலும் என் சட்டை முழுக்க நனைந்துவிட்டது. ஒரு மணி நேரத்தில் கண் உள்ளே போய்விட்டது. ஆஸ்பத்திரிக்குப் போக வண்டி தேடி ஓடினேன். வாந்திபேதி என்றதும் ரிக்‌ஷாக்காரர்கள் வரமாட்டேன் என்றார்கள். திரும்பி வந்தபோது வாணாம்மா கைவண்டியிலிருந்த கரியைத் தெருவில் கவிழ்த்துவிட்டு, பாயை விரித்துத் தனத்தைப் படுக்கவைத்துக்கொண்டிருந்தார். அவர் முன்னால் இழுத்தார். நான் பின்னாலிருந்து தள்ளினேன். தண்டையார்பேட்டை ஆஸ்பத்திரிவரை தண்ணீர் தேங்கிய சாலையில் போனோம். தனம் தண்ணீர் கேட்டுக்கொண்டே வந்தாள். காய்ச்சி எடுத்துவந்த தண்ணீர் வழியிலேயே தீர்ந்துபோயிற்று. அதன் பிறகு அவள் கேட்கும்போதெல்லாம் அவர், இதோ வந்துட்டோம் கண்ணு, இதோ வந்துட்டோம் என்று சொல்லிக்கொண்டே இழுத்தார். திரும்பிப் பார்க்கவே இல்லை. திரும்பிப் பார்த்தால் கால் நின்றுவிடும் என்று பயந்திருப்பார்.

ஆஸ்பத்திரியில் உடனே ஊசி வழியாக உப்புநீர் ஏற்றினார்கள். செய்ய முடிந்ததையெல்லாம் செய்தார்கள். பிற்பகல் மூன்று மணி சுமாருக்குத் தனம் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு எல்லாம் வந்தது. சுண்ணாம்புத் தூள் வந்தது. தடுப்பூசி போடுகிறவர்கள் வந்தார்கள். தண்ணீர் லாரி காலையும் மாலையும் வந்து நின்றது. வாணாம்மா குடத்தோடு வரிசையில் நின்றார். நோய் அடங்கி ஆறு வாரம் ஆனதும் லாரியை நிறுத்திவிட்டார்கள். லாரி வராத முதல் நாள் பெண்கள் குடங்களை வைத்துக்கொண்டு மத்தியானம்வரை சாலையைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். அப்புறம் ஒவ்வொருவராகப் பழைய பம்புக்குப் போனார்கள். தலைவர் பார்க்கலாம் என்ற அடுத்த வருஷக் கூட்டமும் வந்தது. எங்கள் மனு அதில் எடுத்துக்கொள்ளப்படவே இல்லை.

எனக்குத் தூக்கம் போயிற்று. சாப்பாடு இறங்கவில்லை. ஒரு நாள் பள்ளி விட்டதும் நேரே ரயில் பாதை ஓரத்துச் சாம்பல் மேட்டுக்குப் போனேன். அவர் தனியாக உட்கார்ந்து சலித்துக்கொண்டிருந்தார். எதிரே உட்கார்ந்தேன். சொல்லவேண்டியதைப் பல நாளாக மனசுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன்.

“அன்னிக்கு நான் அந்தக் காகிதத்தைப் படிச்சிருந்தா” என்று ஆரம்பித்தேன்.

அவர் சல்லடையை நிறுத்தவில்லை. ஒரு கரித்துண்டை எடுத்து ஊதிக் கூடையில் போட்டார்.

“படிச்சிருந்தாலும் கைநாட்டு வச்சிருப்பேன் வாத்யாரே. எனுக்கு அப்ப கோவம். அத்தயே நெனச்சுகினு கெடக்காத.”

அது பொய். எழுத்துத் தெரியாத ஒரு பெண், எதிரில் நிற்கிறவனைத் தேடி வந்து படித்துச் சொல்லக் கேட்டாரே, எதற்காகக் கேட்டார். தண்ணீர் என்ற சொல் அதில் இல்லையென்று நான் சொல்லியிருந்தால், அங்கேயே என் கண்முன்னால் கிழித்துப் போட்டிருப்பார். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவர் பொய் சொல்லி நான் வேறு எப்போதும் கேட்டதில்லை. மகளைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்த மனுஷி, நான் தாங்கமாட்டேன் என்று அதைச் சொன்னார். நானும் தலையை ஆட்டி வாங்கிக்கொண்டு எழுந்து வந்தேன்.

அந்தக் கோடை விடுமுறையில் வேலையை விட்டுவிட்டு வியாசர்பாடியில் வேறொரு பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டேன். ஆறேழு வருஷம் கழித்து அந்தத் தெருக்களுக்குக் குழாய் வந்ததாகக் கேள்விப்பட்டேன். வேலை விஷயமாகத் திருவொற்றியூருக்குப் பலமுறை போக நேர்ந்திருக்கிறது. அந்தத் தெருப்பக்கம் மட்டும் போனதில்லை.